நல்லமுத்துவின் மகள் வாங்கிய பட்டம்

ஷர்மினிக்குத் தன் அப்பாவை மன்னிக்கும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. கேட்டிருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அவள் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்தவள். ஃபார்ம் சிக்ஸ் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் வாங்கினாள். பதிவு நாளன்று விடியும்போதே பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அப்பா நல்லமுத்து காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“காடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பேட்டரியா என்னன்னு தெரியல.”

“பஸ்ல போறேம்ப்பா. அம்மா கூட வரட்டும்.”

“பொம்பளைங்க ரெண்டு பேரு பெட்டியத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போவீங்களா? மெக்கானிக் வரட்டும். ஒருநாள் லேட்டானா பரவால்ல, நான் போன் பண்ணிப் பேசிட்டேன்.”

அவள் நம்பினாள். மறுநாள் மெக்கானிக் வரவில்லை. சாயங்காலம் அடுப்படியில் நின்றிருந்தபோது கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரே முறுக்கில் கிளம்பியது. அவள் ஓடி வருவதற்குள் அப்பா தெருமுனையில் திரும்பிவிட்டார். கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

பல்கலைக்கழகத்தை ஷர்மினியே அழைத்துக் கேட்டபோது, அவள் சார்பாக யாரும் பேசவில்லை என்று தெரிந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அதே காரில் அண்ணன் குகனை ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார் அப்பா. “ரெண்டு பேரையும் என்னால படிக்க வைக்க முடியாது. அவன் ஆம்பள. இவ எப்படியும் கட்டிக்கிட்டுப் போறவ,” என்று அம்மாவிடம் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

இவற்றையெல்லாம்கூட அவள் விழுங்கியிருப்பாள். கோயிலிலும் காப்பிக்கடையிலும் அப்பா சொல்லித் திரிந்த கதையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. “அவளுக்குப் படிப்புல இஷ்டமில்ல, அவளே வேணாம்னுட்டா.” ஊர் நம்பியது. நல்ல இடத்தைக் கைநழுவ விட்ட பெண் என்று எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் அவளுக்குப் புத்தி சொன்னார்கள்.

குகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜொகூருக்குப் போனான். ஷர்மினி ஒரு கிளினிக் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு எழுதினாள். பிறகு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பட்டறை வேலை பார்க்கும் கிஷனைக் கட்டிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு வந்தாள். மகள் யாழினி பிறந்தாள். மகன் துருவன் தவழத் தொடங்கிய சமயத்தில், வார இறுதி வகுப்பாக நடக்கும் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்தாள்.

“எதுக்கு அக்கவுண்ட்ஸ்? புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஈசியா வேற எதாவது எடு லா,” என்றான் கிஷன்.

“அவரு எனக்கு இல்லாம பண்ணுனது அதத்தானே. எனக்கு அதேதான் வேணும்.”

துவைத்த துணியைக் கம்பியில் கோக்கும்போது பாடப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டாள். இணைய வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு மகனுக்குப் பால் கொடுத்தாள். கிஷனுக்கு ஓவர்டைம் இருந்த சனிக்கிழமைகளில் யாழினி வகுப்புக்கே வந்து, நாற்காலிக்கடியில் துண்டு விரித்துத் தூங்கினாள். வரவுசெலவுப் பயிற்சித் தாள்களின் பின்பக்கமெல்லாம் அவள் வரைந்த யானைகள் நின்றன.

புக்கிட் மெர்தாஜாமுக்கு மட்டும் எதுவும் தெரியக்கூடாது என்று கிஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவும் அம்மாவும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் நாட்களில் புத்தகங்கள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விடும்.

“சொன்னா சந்தோசப்படுவாருல்ல?” என்று கிஷன் ஒருமுறை கேட்டான்.

“அதுக்குத்தான் சொல்லல.”

இரண்டாம் ஆண்டுத் தேர்வு நேரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் அம்மை போட்டது. பக்கத்து வீட்டு சித்தி ஹாஜரா, “எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு, நீ கெளம்பு,” என்று துருவனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஷர்மினி உடம்பெல்லாம் கேலமைன் மருந்து வாடையோடு போய் எழுதினாள். தேறவில்லை. முடிவு வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இதோடு விட்டுவிடலாமா என்று நினைத்தபோது, ஒரே முறுக்கில் கிளம்பிய அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தாள்.

பட்டமளிப்பு விழாவில் இரண்டு விருந்தினர்களுக்குத்தான் இடம். கிஷனும் சித்தி ஹாஜராவும் போய் உட்கார்ந்தார்கள். ஹாஜரா ஃபேஸ்புக்கில் போட்ட படம் ஜொகூரில் குகன் கண்ணில் பட்டு, அங்கிருந்து அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது.

“ஏம்மா, ஒரு வார்த்த சொல்லலியே,” என்றார் போனில். குரலில் கோபம் இல்லை, பெருமைதான். “நம்ம கோயில் மண்டபத்துல சாதனை மாணவருங்களுக்குப் பாராட்டு விழா வச்சிருக்கோம். ஒம்பேரச் சேத்துட்டேன். நானே ஒனக்குப் பொன்னாட போத்தறேன்.”

“சரிப்பா. வர்றேன்.”

கிஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “நெசமாவா போற?”

“போகாம?”

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா வெள்ளை வேட்டியில், நிர்வாகத் துணைத்தலைவராக மேடையில் நின்றார். “பெத்தவங்க சப்போர்ட் இல்லாம எந்தப் புள்ளையும் மேல வர முடியாது. எம்மக கொஞ்சம் லேட்டாப் புரிஞ்சிக்கிட்டா. ஆனா சாதிச்சுட்டா,” என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை விரித்தார். ஷர்மினி அதைத் தோளில் விழவிடாமல் கையால் தடுத்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அப்பா சொன்னதுல ஒண்ண மட்டும் திருத்தணும். இதே படிப்புக்கு எனக்கு ஃபார்ம் சிக்ஸ் முடிச்சப்பவே இடம் கெடச்சிச்சு. நான் வேணாம்னு சொன்னதா இங்க எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லல. காடி கெட்டுப்போச்சுன்னு இவரு சொன்னாரு. மறுநாள் சாயங்காலம் அதே காடியிலதான் இங்க மீட்டிங்குக்கு வந்தாரு. அன்னிக்கு இருந்தவங்க சில பேரு முன்னால ஒக்காந்திருக்கீங்க.”

“போதும்மா,” என்றார் அப்பா மெதுவாக. அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

“போன் பண்ணிட்டேன்னு சொன்னாரு. பண்ணல. எம்மேலயே பழியப் போட்டாரு. நான் லேட்டாப் புரிஞ்சிக்கல. லேட்டாக்கினது இவரு.”

முன்வரிசையில் ஒருவர் தலை குனிந்துகொண்டார். யாரும் கைதட்டவில்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அப்பா விரித்த பொன்னாடையோடு அப்படியே நின்றிருந்தார்.

கார் நிறுத்தும் இடத்துக்கு அம்மாதான் முதலில் ஓடிவந்தாள். “சபையில வச்சி இப்படிப் பண்ணிட்டியேடி.”

“அவரு எம்பேரக் கெடுத்ததும் சபையிலதாம்மா.”

பின்னாலேயே அப்பா வந்தார். மூச்சு வாங்கியது. “அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியலம்மா.”

“முடியலன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். பொய் சொன்னீங்க.”

அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்து நின்றார். அவள் துருவனுக்கு இருக்கைப் பட்டையை மாட்டிக் கதவைச் சாத்தினாள்.

ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பும் கடல் பாலத்தில் போகும்போது கிஷன், “கொஞ்சம் ஓவர் லா, ஷர்மி,” என்றான்.

“ஓவர்தான்,” என்றாள் அவள். அவளுக்கு நல்ல பசி. ஜெலுத்தோங்கில் இறங்கி ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டாள். யாழினி மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அப்பா அந்த மாதமே நிர்வாகத்திலிருந்து விலகினார். காப்பிக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார் என்று அம்மா போனில் அழுதாள். குகன் ஜொகூரிலிருந்து கூப்பிட்டுத் திட்டினான். வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, “நீ வேலையப் பாரு அண்ணே,” என்று வைத்தாள். இப்போது அவள் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில், கூட்டத்துக்கு நடுவே அப்பாவைப் பார்த்தாள். மெலிந்திருந்தார். இரக்கம் வருகிறதா என்று தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டாள். வரவில்லை. “தாத்தா” என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள் யாழினி. ஷர்மினி தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை. தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்தபடி, மகள் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றாள்.