அப்பா வைத்த இரண்டு உலை

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதித் தரும் கடமை மூத்த மகளான என்னுடையது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அனுப்பி வைத்தவர் அவர். ஆகவே இதை இன்னொருவரிடம் எழுதக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார், கிள்ளானில் அரிசி மூட்டை தூக்கினார், பிறகு செந்தூல் ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவை மணந்து, இங்கே குடிவந்தார். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குண்ணே இங்கிலீஷ் ஸ்கூலு?" என்று கேட்டவர்களிடம், "நான் வச்ச பெருவிரல் ரேகை போதும்லா. அவ பேரை அவ எழுதட்டும்" என்று சொல்லிவிடுவார்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் என் படிப்பு நின்றது. அதற்கு அடுத்த ஆண்டு வீட்டில் சோறும் கெட்டது.

பங்கீட்டுக் கடையில் கொடுத்த அரிசியை நீங்கள் எல்லோரும் தின்றிருக்கிறீர்கள். பழைய பச்சரிசி, அதில் கொஞ்சம் புழுங்கல், குருணை, எல்லாவற்றின் மேலும் பூச்சி அண்டாமல் இருக்கத் தூவிய சுண்ணாம்பு. ஒரே பானையில் போட்டால் பச்சரிசி குழைந்து கூழாகிவிடும். புழுங்கல் நடுவில் விதைபோல நிற்கும். சுண்ணாம்பு சரியாகப் போகாவிட்டால் சோறு மஞ்சள் பாரித்து நாக்கை அறுக்கும். அம்மா சுத்தத்தில் கண்டிப்பானவர். களைந்த தண்ணீர் குழாய்த் தண்ணீர்போலத் தெளியும்வரை விடமாட்டார். வெந்ததும் கஞ்சியை ஒட்ட வடித்துவிடுவார். அந்தச் சோற்றையும் மரவள்ளிக் கிழங்கையும் தின்றே நாட்களைத் தள்ளினோம்.

அம்மாவின் கால்கள் வீங்கின. கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெண் இதே வீக்கத்தில் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு நடக்கவே இல்லை. பட்டறையில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஐயா வந்து பார்த்தார்.

"பெரிபெரி. சோத்துலே சத்தில்லாம வர்ற வீக்கம். மருந்துக்கு நான் எங்கே போவேன்? புழுங்கலரிசி குடுங்க. ரொம்பக் களையாதீங்க, கஞ்சியை வடிக்காதீங்க."

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும் என்று பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தேன். அதை அப்பாவுக்கு விளக்கினேன்.

"படிச்ச புள்ள சொல்லிட்டா. அப்புறம் என்ன?" என்று எழுந்தார்.

தனிப் புழுங்கல் கோலாலம்பூரில் எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் கலந்து வந்ததைப் பிரிக்கத் தொடங்கினார். வேலை முடிந்து சாம்பல் நிறத்து முகத்தோடு வருவார். சட்டையைக் கூடக் கழற்றாமல், வெளிச்சம் இருக்கும்போதே முறத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். முதலில் அரிசியைக் காய்ந்த துணியில் போட்டு உருட்டித் தேய்ப்பார். சுண்ணாம்பு உதிர்ந்தால்தான் நிறம் தெரியும். பச்சரிசி வெள்ளையாக, உள்ளே மாவுபோல மங்கி இருக்கும். புழுங்கல் லேசான மஞ்சளில் கண்ணாடிபோல வெளிச்சத்தை விடும். சந்தேகம் வந்தால் ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். கடித்ததையும் துப்பமாட்டார்.

எதிர்வீட்டு மாமாவுக்கு இது வேடிக்கை.

"என்னண்ணே, முறத்தைத் தூக்கிட்டீங்க. அடுத்து சேலையா?"

"சேலை எங்கேடா கிடைக்குது? கிடைச்சா கட்டிக்குவேன்லா. என் வேட்டியிலே எத்தனை ஓட்டைன்னு பாரு."

அடுப்பில் இரண்டு உலை ஏறும். பச்சரிசியும் குருணையும் எங்களுக்கு: வழவழப்பும் வாடையும் போகும்வரை களைந்து, கிழங்கோடு சேர்த்து வேகவைப்பார். புழுங்கல் அம்மாவுக்கு: துணியில் தேய்த்ததால் ஒரு அலசல் போதும், ஊறவைத்து, அளந்து தண்ணீர் விட்டு, வடிக்காமல் சிறு தீயில் பொங்குவார். கிடைத்த தவிட்டையும் முருங்கைக்கீரையையும் அதனோடு கொடுப்பார்.

அம்மா முதலில் தட்டைத் தள்ளிவிட்டார். "சரியா களையாத சோறு. நாய்க்கு வைக்கிற மாதிரி."

"நாய்க்குக் கால் வீங்கலையே. சாப்புடு புள்ள."

சிரிக்கத் தெம்பில்லாமல்தான் அம்மா சிரித்தார், பிறகு சாப்பிட்டார். என் தங்கையும் நானும் பொறுக்க உட்கார்ந்தால் அப்பா ஓரமாக நகர்ந்து இடம் கொடுப்பார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார், விரல்கள் முறத்தின் மேல் கிடக்கும். எழுப்பினால், "தூங்கலம்மா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். அலுப்பு என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அவர் தோள்களில் பார்த்திருக்கிறேன்.

வீக்கம் மெல்ல வற்றியது. மறுபடி சுவரைப் பிடித்த அம்மா, பிறகு சுவரை விட்டார். குழாயடிக்கு அவர் தானே போய் வந்த அன்று, அப்பா வாசற்படியிலிருந்து எழாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் கொய்னா மருந்து இல்லை. நினைவு தடுமாறிய நாளிலும், "அரிசி பொறுக்கியாச்சா?" என்றுதான் கேட்டார். "ஆச்சு. நீங்க படுங்க" என்றார் அம்மா. மறுநாள் காலை அவர் இல்லை.

வாய்க்கரிசிக்குப் பச்சரிசி கேட்டார்கள். வீட்டில் இருந்தது கலந்த அரிசிதான். கிள்ளானிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "இருக்கறதைக் கொடும்மா. காலம் அப்படி. மழை வேற வரப்போவுது" என்றார்.

"அவரு எனக்கு ஒருநாளும் கலந்து போடலைங்க" என்றார் அம்மா.

முறத்தை எடுத்து, அப்பா உட்காரும் அதே படியில் உட்கார்ந்தார். துணியில் உருட்டித் தேய்த்தார். இவ்வளவு காலம் அப்பா தமக்காகத் தேடி எடுத்த மஞ்சள் அரிசியை ஒதுக்கிவிட்டு, வெள்ளை அரிசியை மட்டும் பொறுக்கினார். உடைந்ததை எடுக்கவில்லை. கிண்ணத்தில் போட்டுக் களைந்தார். எதிர்வீட்டு மாமா தண்ணீர் ஊற்றினார். அம்மா முகர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு வாடை இருந்தது. திரும்பவும் களைந்தார். தண்ணீர் தெளிந்தது. யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடந்துபோய், குனிந்து, அப்பாவின் வாயில் இட்டார்.

அப்பாவின் நோயில் வந்து பார்த்த டிரஸ்ஸர் ஐயாவுக்கும், கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் நடந்தும் லோரி ஏறியும் வந்து சேர்ந்த உறவினர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும், தாள் கிடைக்காத இந்த நேரத்தில் இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வானம் இருண்டு மழை விழத் தொடங்கிய பிறகும், அம்மா பொறுக்கி முடிக்கும்வரை ஒருவர்கூட அவசரப்படுத்தாமல் நனைந்துகொண்டு நின்றீர்கள். அதற்கு அம்மா தம் நன்றியைத் தனியாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.