பூட்டிய கூடமும் உறுவையாற்றுக் களமும்

ஊருக்கு யோகா சொல்லிக்கொடுத்ததாக நீங்கள் பேசுவது பொய். யோகா நாளில் உறுவையாறு சமுதாயக் கூடத்தில் பாய் விரித்தீர்கள், போட்டோ எடுத்தீர்கள், மறுநாள் பூட்டிச் சாவியோடு போய்விட்டீர்கள். விழாக் குழுத் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன். அன்று டீ-ஷர்ட் வாங்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். பிறகு என்ன ஆனது என்று பார்க்கப் போன வாரம் போனேன்.

காலை ஐந்தரைக்கு மூலக்குளத்தில் ஷேர் ஆட்டோ. வில்லியனூருக்கு இருபது ரூபாய். அங்கிருந்து தனி ஆட்டோ, எண்பது.

"யோகாவுக்கா? கூடம் பூட்டிக் கெடக்குது சார். களத்துக்குப் போவணும்" என்றார் ஓட்டுநர்.

ஆறு மணி. கரும்புத் தோட்டத்தை ஒட்டிய நெற்களத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உரச்சாக்கு விரித்து நின்றார்கள். வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ரீட்டா டீச்சர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். அவசரமே இல்லை.

"யோகான்னா சேர்றது. ஒடம்பும் மூச்சும் சேரணும். ஒரு நாள்ல சேராது சார்" என்றார் டீச்சர்.

கரும்பு வெட்டும் தனலட்சுமிக்கு இழுப்பு நோய். "ஒரு கட்டு தூக்கினா நெஞ்சு அடச்சிக்கும். இப்ப மருந்தும் எடுக்குறேன், இதையும் வுடுறதில்ல. நிம்மதியா தூங்குறேன்" என்றார்.

கடைசியில் சவாசனத்துக்குப் படுப்பார்கள் என்று பார்த்தேன். எல்லாரும் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்கள். களத்துக்காரர் கோவிந்தனிடம் காரணம் கேட்டேன்.

"நெல்லு கொட்டுற எடத்துல பொணமாட்டம் வரிசையா படுத்தா இன்னா அர்த்தம்? மத்தது எல்லாம் செய்யட்டும், வேணாங்கல."

"மொத நாளு மூஞ்சில துண்டு போட்டுப் படுத்துக்கினோம். அண்ணனோட மாடே பயந்து ஓடிப்போச்சு" என்றார் தனலட்சுமி. கோவிந்தனும் சிரித்துவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவராவது இடம் கொடுத்தார். ஆனால் அடுத்த வாரம் அறுப்பு. களம் முழுக்க நெல் வந்துவிடும். மழையில் வகுப்பு நின்றபோது தனலட்சுமிக்கு இழுப்பு மறுபடியும் வந்துவிட்டதாம். "இந்தத் தடவை எங்க போறது?" என்று டீச்சரைக் கேட்டார்.

திரும்பும் வழியில் கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நீங்கள் விரித்த பாய்கள் சுருட்டியபடி மூலையில் கிடக்கின்றன. மூலக்குளத்தில் என் வீட்டில் கை கால் நீட்டிப் படுக்க இடமிருக்கிறது. நான் அங்கே படுத்து டிவி பார்க்கிறேன். மூச்சுக்காக இடம் தேடுகிறவர்களுக்கு ஒரு பூட்டு குறுக்கே நிற்கிறது.

தலைவரே, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் மைக் உங்கள் கைக்கு வரும். தனலட்சுமி முன்வரிசையில் இருப்பார். கூடத்தை எந்தக் கிழமை திறப்பீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.