உப்புப்பெட்டி வீட்டின் புதுத் தரை

இந்த மாத முதல் சனிக்கிழமை போனது உல்லாசப் பயணமல்ல. என் மனைவி மாலதி கொழும்பில் கட்டடக் கலைஞராக இருந்தவள். குடிபெயர்ந்து வந்த இந்த ஊரில், பென்ரோஸ் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறாள். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் அலுவலகம் ஒன்று அவளைத் திங்கட்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. தாங்கள் புதுப்பித்துக் காட்சிக்குத் திறந்திருக்கும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து கதைக்கச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் இருக்கும் மனுரேவாவிலிருந்து காரில் கிழக்கே அரை மணி நேரம். பத்து மணிக்குத் திறக்கிறார்கள். தலைக்குப் பத்து டாலர்.

குடியேறிய ஆங்கிலேயர் கட்டிய மர வீடு. முன்பக்கம் மாடியோடு நிமிர்ந்து நிற்கிறது. கூரை பின்பக்கம் நீளமாகச் சரிந்து, தலை இடிக்கும் உயரத்துக்கு இறங்குகிறது. அந்தக் கால உப்புப்பெட்டியின் வடிவமாம். அதனால் சால்ட்பாக்ஸ் என்று பெயர். சரிவுக்குக் கீழேதான் சமையலறை. 'வீடு முழுவதும் அசல்' என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்.

வழக்கம்போல் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினோம். வழிகாட்டியாக நின்ற கோயம்புத்தூர்ப் பெண் சிரித்தாள். "ஷூவோடயே வரலாங்க. நானும் முதல் நாள் கழட்டிட்டேன்."

முன்னறைப் பலகைகள் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தன. சமையலறைக்குள் வெறுங்காலை வைத்ததும் மாலதி நின்றாள். முன்னறைக்குத் திரும்பிப் போய் நடந்துவிட்டு மறுபடி வந்தாள்.

"இது பழைய தரை இல்லை. அடுப்படியிலதானே ஆக்கள் கூடுதலா நடந்திருப்பினம்? ஒரு தேய்மானமும் இல்லை."

வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஆமாங்க. பின்பக்கத்தை மொத்தமா இடிச்சுட்டுக் கட்டினாங்க. அதைப் போர்டுல போட வேணாம்னு புதுப்பிச்ச ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளி உட்கார்ந்த அறையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். வேலை செய்தவர்கள் நின்ற தரையைக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் இல்லாமல் சால்ட்பாக்ஸ் ஏது? உளுத்திருந்தால் மாற்றட்டும். மாற்றினோம் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கட்டணமும் வாங்குகிறார்கள்!

ஆனாலும் காரில் நான் சொன்னது வேறு. "நேர்முகத்தில உந்தத் தரையைப் பற்றிக் கதைக்காதையும். கூரை நல்ல வடிவு எண்டு சொல்லிப்போட்டு வாரும்."

"பார்த்ததைச் சொல்லத்தானே கூப்பிட்டவை?"



போக நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானம் கூட்டம் சேர்ந்துவிடும். முன்னறையில் அவசரமில்லாமல் ஆறுதலாக நில்லுங்கள், அது நிஜம். பிறகு வெளியே சுற்றிப் போய்ப் பின்கூரையையும் பாருங்கள். வடிவத்தையாவது ஒழுங்காகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

மாலதி திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை, வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. நான் அவர்களைத் திட்டினேன், அவளையும் திட்டினேன். பென்ரோஸ் வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்கள் சொன்ன மாதிரிக் கதைச்சு வேலை கிடைச்சிருந்தால், இனி வாற போர்டுகளில அந்தப் பொய்யை நான்தான் எழுதவேண்டி வந்திருக்கும்."