நான் வெட்டிய முகத்துவாரம்

வான் வண்டிக்குள்ளேயே சமைத்துப் படுத்து, கடலோரமாக ஊர் ஊராகத் திரியும் வெள்ளைக்காரர்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, நாமும் போவோம் என்று முதலில் சொன்னது என் மனைவி. என்னைக் கெடுத்தது அவள்தான் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன்.

நான் திருகோணமலையில் ஓட்டோ ஓடுகிறவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. அவள் தையல் கடையில் வேலை செய்கிறாள். ஒரு பழைய வானை வாங்கி, பின் கதிரைகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டிலும் அடுப்புக்கு ஒரு தட்டும் அடித்தோம். கட்டிலின் நீளத்தை அவள் தையல் நாடாவால் அளந்தாள்.

"உங்கட காலுக்கு இன்னும் ரெண்டு இஞ்சு காணாது."

"காலை மடிச்சுத் தைச்சு விடன்."

முதல் இரண்டு நாளும் வடக்கே குச்சவெளி வரைக்கும் போய் வந்தோம். பிறகு தெற்கே திரும்பி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, மூன்றாம் நாள் பின்னேரம் இலங்கைத்துறைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, மறுபக்கம் கடல், நடுவில் அகலமான மணல் திட்டு. ஊர்ப் பக்கத்திலிருந்து அந்தத் திட்டின் மேலாக வானை உருட்டிக்கொண்டு போய், அங்கால் கரையில் ஒரு தாழம்புதருக்குப் பின்னால் நிறுத்தினேன். ஊரிலிருந்து பார்த்தால் வான் இருப்பதே தெரியாது. எனக்கு அதில் பெரிய பெருமை.

விடிந்ததும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இருபது பேர் மண்வெட்டியோடு திட்டின் நடுவில் நின்றார்கள். மனைவி நல்ல நித்திரை. வானைப் பூட்டாமல், திறப்புச் சாவியை மட்டும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

வட்டவிதானை என்று எல்லாரும் கூப்பிட்ட ஒருவர்தான் வேலையை நடத்தினார். வயல்காரருக்குத் தண்ணீர் விவகாரம் பார்க்கிறவர். நாற்பது வயதிருக்கும், பச்சைக் கொச்சி மிளகாய் கடித்த முகம்.

"என்னண்ணை, புதையலோ?" என்றேன்.

"முகத்துவாரம் வெட்டிறம் தம்பி. களப்பு நிறைஞ்சு வயலுக்க தண்ணி நிக்குது. இண்டைக்குக் கடலுக்கு விடாட்டி பயிரெல்லாம் அழுகிப் போகும்."

கடலோரம் தொடங்கி களப்புப் பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். காலை எட்டி வைத்தால் ஒரு எட்டு அகலம், முழங்கால் ஆழம், அவ்வளவுதான். எங்கள் வீட்டடி ஒழுங்கையில் ஓடும் வாய்க்கால் இதைவிடப் பெரிது. சும்மா நிற்க ஏலாமல் நானும் ஒரு மண்வெட்டி வாங்கிக் கொத்தினேன். களப்போரம் இரண்டடி வரம்பு மிஞ்சியபோது நிறுத்தி, ஊர்ப் பக்கம் ஏறி, எல்லாரும் பிளேன்டீ குடித்தோம்.

வட்டவிதானை என்னைப் பார்த்தார். "நேத்து ஒரு வான் வந்ததெண்டு சொன்னாங்கள். உங்கடயோ? எடுத்தாச்சோ?"

"ஓமண்ணை, அதை ராவே கப்பல்ல ஏத்திவிட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். பதிலாக நான் சொன்னது அந்தப் பகிடி மட்டுமே. தண்ணீர் ஓடினால் தாண்டிப் பாய்ந்து போய் வானுக்குள் ஏறிக்கொள்ளலாம், பிறகு இரண்டு பலகை போட்டால் வானும் இங்கால் வந்துவிடும் என்பது என் கணக்கு. களப்பு வெட்டுவதை நான் அதுவரை கண்டதில்லை.

கடலைப் பார்த்துத் தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் கொளுத்தினார்கள். கடைசி வரம்பை வெட்ட நான் கேட்டேன்.

"விருந்தாளி ஆசைப்படுறார், வெட்டட்டும்" என்றார் வட்டவிதானை.

நான்தான் வெட்டினேன். தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி வாய்க்காலுக்குள் வந்தது. பிறகு பழுப்பு நிறமாகியது. பிறகு சத்தம் போட்டது. நான் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் ஒரு எட்டு மூன்று எட்டாகிவிட்டது. இரண்டு பக்கமும் கரை பாண் ரொட்டித் துண்டு மாதிரி வெடித்து வெடித்து விழுந்தது.

"அண்ணை, இது எவ்வளவுக்குப் பெருக்கும்?"

"மத்தியானத்துக்க ஆறு மாதிரி ஆயிரும். ஏன்?"

"என்ட மனிசி அங்கால வானுக்க படுத்திருக்கிறா."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பகிடியா என்று பார்க்கிறார் என்று விளங்கியது. என் முகத்தில் என்ன கண்டாரோ, கையிலிருந்த மிச்சத் தேத்தண்ணியை மணலில் ஊற்றிவிட்டு, "கூப்பிடுங்கோடா எல்லாரும்!" என்று கத்தினார்.

இருபது பேர் சேர்ந்து கூக்காட்டினோம். நான் இறங்கப் போனேன். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். என் கண் முன்னாலேயே ஒரு முறிந்த மரக்கிளை அந்தத் தண்ணீரில் விழுந்து, ஒரு மூச்சுக்குள் கடலில் போய் நின்றது.

புதருக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். தலை கலைந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெட்டோரம் நின்ற எங்களுக்குப் புதரின் பக்கவாட்டில் வானும் தெரிந்தது. வானுக்கும் வெட்டுக்கும் இடையில் அப்போது முப்பது எட்டுத்தான் இருந்தது.

"மேட்டில ஏறு!" என்று கத்தினேன். அவளுக்குப் பின்னால், அடம்பன் கொடி படர்ந்த உயர்ந்த மணல் மேடு இருந்தது. அங்கே ஓடினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. "வானை விடு! ஓடு!"

அவள் கையை நீட்டினாள். "திறப்பை எறியுங்கோ!"

திறப்பு என் பைக்குள் இருந்தது. அவளும் வான் ஓட்டுவாள், எறிந்தால் உடனே உள்ளே ஏறுவாள். வான் சில்லு புதைந்து நின்றால் கரையோடு சேர்ந்து அவளும் போவாள். எறியாவிட்டால் வான் மட்டும் போகும். நான் கையைப் பைக்குள் விட்டேன், வெளியே எடுக்கவில்லை.

"திறப்பு தொலைஞ்சு போச்சு!" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ! பைக்க கை கிடக்கு!"

ஒரு கரைத்துண்டு அவள் பக்கம் விழுந்தது. அவள் பின்வாங்கினாள், ஆனால் மேட்டுக்குப் போகவில்லை. வானின் கதவைத் திறந்து கட்டில் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, சில்லுகளுக்கு முன்னால் போடத் தொடங்கினாள். சில்லு மணலில் புதையாமல் இருக்க, குனிந்து டயர்களில் காற்றும் இறக்கினாள். நான் எறிந்தாலும் எறியாவிட்டாலும் அவள் அந்த இடத்தை விடப்போவதில்லை.

"தம்பி, அந்தப் பிள்ளை மேட்டுக்குப் போகாது. திறப்பைக் குடுங்கோ" என்றார் வட்டவிதானை.

வீச்சு வலைக்காரர் ஒருவர் தன் வலையிலிருந்து நாலு ஈயக்குண்டைக் கடித்து எடுத்தார். திறப்பையும் ஈயத்தையும் என் சேட்டுக் கையைக் கிழித்து அதில் சுற்றி முடிந்தேன். வலைக்காரர் தானே எறிகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. பிறகு வெட்டின் அகலத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

அவர் எறிந்தார். அது கரை விளிம்பில் விழுந்தது. விளிம்பு மெல்லக் கீழே சாய்ந்தது. அவள் வயிற்றில் விழுந்து, கையை நீட்டி, மணலோடு சேர்த்து அள்ளிக்கொண்டு உருண்டாள்.

வான் முதல் தரம் உறுமி நின்றது. இரண்டாம் தரம் பின்சில்லு மணலைத் துப்பியது, துப்பித் துப்பி இன்னும் இறங்கியது. தாழம்புதர் வேரோடு சாய்ந்து தண்ணீருக்குள் போனது. அவள் இறங்கினாள். பலகையைச் சில்லுக்கு அடியில் இன்னும் நெருக்கி உதைத்துவிட்டு, அவசரமில்லாமல் ஏறிக் கதவைச் சாத்தினாள். மூன்றாம் தரம் பலகைகள் வெடிக்கிற சத்தம் கேட்டது. வான் ஒரு குலுக்கலோடு அடம்பன் கொடிக்குள் பாய்ந்து, மேட்டில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது.

இருபது பேரும் கத்தினார்கள்.

"வானைக் கப்பல்ல ஏத்தினவர் இவர்தான்" என்றார் வட்டவிதானை, எல்லாருக்கும் கேட்க. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் சொன்னபடியே அது ஆறாகிவிட்டது. பின்னேரம்தான், உள்களப்பின் அமைதியான பக்கமாக ஒரு தோணியில் என்னை அங்கால் இறக்கிவிட்டார்கள். தெற்கே வெருகல் பக்கம் ஒரு மணல் பாதை இருக்கிறது, அதால் போங்கோ என்றார்கள்.

அவள் ஓட்டுகிற இடத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். முழங்கை இரண்டும் உரசிச் சிவந்திருந்தன. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"ஏன் திறப்பை உடன எறியேல்ல?"

நான் வாயைத் திறந்தேன். பகிடி ஒன்று வரும் என்று நானே காத்திருந்தேன், வரவில்லை.

"எறிஞ்சா நீ வானுக்க ஏறுவாய் எண்டு பயந்தனான். வான் போனாப் போகட்டும் எண்டு நினைச்சன்."

"என்னட்டக் கேட்டனீங்களோ?"

"இல்ல."

"அவையள் வானை எடுக்கச் சொன்னவையோ?"

"ஓம். கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன், கப்பல் கதையை, ஒரு சொல்லும் மாற்றாமல். அவள் மற்றப் பக்கத்துக் கதவின் பூட்டை எட்டித் திறந்தாள்.

"ஏறுங்கோ. கதைக்காமல் இருங்கோ."

வெருகல் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை.