ஆறு பேருக்கு ஒரே கணக்கு

எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனேன். இறங்கிய அன்றே கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டது. பாஸ்போர்ட் கையில் இல்லாதவனுக்கு அங்கே பேங்கில் கணக்கு கிடையாது. எங்கள் அறையில் ஆறு பேர். மானேஜரின் காரை ஓட்டிய குருபரப்பள்ளிக்காரர் ஒருவருக்கு மட்டும் கம்பெனிக் கடிதம் கிடைத்து, கணக்குத் தொடங்கினார். வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சியதை நாங்கள் ஐந்து பேரும் அவர் கணக்கில் போட்டோம். ஊரில் பத்து ரூபாய்க்குப் பத்துத் தரம் யோசிக்கிற நான், இரண்டு வருடச் சேமிப்பை அடுத்தவர் பெயரில் வைத்தேன். வேறு வழி இல்லை என்பது உண்மை. புத்தி இல்லை என்பதும் உண்மை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பிய குருபரப்பள்ளிக்காரர் மாரடைப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. நாங்கள் அழுது முடிப்பதற்குள் பேங்க் கணக்கை முடக்கியது. அதில் இருப்பது எங்கள் பணம் என்று சொன்னபோது கவுண்டரில் இருந்தவன் சிரித்தான். மூன்றாம் மாதம் மொத்தத்தையும் டிராப்டாக அவர் மனைவிக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டில் தங்கைக்குக் கல்யாண நாள் குறித்திருந்தார்கள்.

லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சண்டைக்கு வேண்டியதெல்லாம் மனதில் தயாராக இருந்தது. தர மறுத்தால் பஞ்சாயத்து, அதற்கும் மசியாவிட்டால் போலீஸ்.

கணவர் இறந்ததற்காக அந்த அம்மா இத்தா இருந்த நாட்கள் அவை. வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அவருடைய அப்பா என்னை உட்காரவைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, நீங்க அவரு கூடவே இருந்தவரு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவரு சம்பளம் எவ்ளோன்னு எனக்குத் தெரியும். மாசாமாசம் வூட்டுக்கு அனுப்பினதும் தெரியும். இவ்ளோ பணம் எப்படி வந்துச்சி?"

பெரியவர் ஒரு கவரை என் முன்னால் வைத்தார். டிராப்ட் வந்தபடியே உள்ளே இருந்தது. பேங்கில் போடவே இல்லை.

"அது வந்ததுலேர்ந்து தூக்கமே இல்லண்ணா. வெளிய சொல்லவும் முடியல. மௌத்தானவரத் திருடன்னு நெனச்சிக்கிட்டு அவருக்காக நான் எப்படி துவா கேக்கறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் வழி முழுக்க நான் மனதுக்குள் திருடி என்று திட்டிக்கொண்டு வந்தது இந்தப் பெண்ணைத்தான். வெட்கமாக இருந்தது.

"அது எங்க ஆறு பேரு சம்பளம்மா," என்றேன். "எங்களுக்குக் கணக்கு இல்ல, அதனால அவரு பேர்ல போட்டோம். எங்க காசுல ஒரு பைசா அவரு தொட்டதில்ல."

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பணம் கைவிட்டுப் போகிறதே என்று அழுகிறாரோ என நினைத்தேன். அப்போதும் என் புத்தி அவ்வளவுதான்.

"அவரப் பெத்த அம்மா உள்ள படுத்த படுக்கையா கெடக்கறாங்க," என்றார். "அவங்க காதுல விழற மாதிரி இன்னொரு தரம் சொல்லுங்கண்ணா."