பொட்டு வைத்த குடும்பமும் பொட்டில்லாத குடும்பமும்

ஒரு கம்பனியின் விளம்பரப் படங்களை ஒழுங்குபடுத்துவது சில மாத வேலை. அந்தப் படங்களை வைத்திருப்பவர்களை ஒழுங்குபடுத்த ஆயுள் போதாது. இதே தொழிலில் மாரடிக்கும் தோழர்களே, தோழிகளே, உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லி ஆறுகிறேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய கம்பனியின் விளம்பரப் பிரிவுக்குப் படக் களஞ்சியம் ஒன்றை நிறுவ எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனம் என்னை அனுப்பியது. எல்லாப் படங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, தேடினால் கிடைக்கச் செய்து, பத்திரிகை விளம்பரம் தயாரிக்கும் கணினியோடு இணைக்கவேண்டும். வேலை முடிந்ததென்று அவர்களுடைய முகாமையாளர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வரும். அது வராவிட்டால், வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டின் பொலிஸ் பதிவில், ‘கொழும்பில் தங்கும் காரணம்’ என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமிருக்காது; காரணமில்லாத வெளியூர்த் தமிழரைப் பொலிஸ் அங்கே தங்கவிடாது. தற்காலிகக் கடிதம் சித்திரை மாதத்தோடு முடிகிறது. வீட்டுக்கார மகேஸ் அன்ரி தினமும் வாசலிலேயே கேட்பார்: “பிள்ளை, கையெழுத்துக் கிடைச்சிட்டுதே?”

லாச்சி

முதல் நாள், படங்கள் எங்கே என்று கேட்டேன். எல்லோரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். அங்கே ருவன் இருந்தார். பத்து வருடமாக அங்கே விளம்பரம் வடிவமைப்பவர். அவருடைய மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் நூற்றுக்கணக்கான சீடிகள், ஒன்றிலும் பெயரில்லை. எது எதற்குள் இருக்கிறதென்பது அவருக்கு மட்டும் தெரியும். யாருக்காவது படம் வேண்டுமென்றால் “ருவன் அய்யே!” என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். அவர் கண்ணை மூடி யோசித்து ஒன்றை உருவி எடுப்பார். முந்தின வருடம் அவர் அம்மை போட்டுப் படுத்தபோது பிரிவே இரண்டு கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருந்ததாம்.

களஞ்சியம் எதற்கென்று அவருக்குத் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைத் தங்கச்சியாக்கிச் சொன்னார்: “எதுக்கு நங்கி வீண் செலவு? நான்தான் இருக்கிறேனே!”

நல்ல படம்

ஒவ்வொரு படத்துக்கும் தேடுசொற்கள் எழுதவேண்டும். அதில் யார் இருக்கிறார்கள், எங்கே எடுத்தது, எந்த விளம்பரத்துக்கு என்று. முகாமையாளர் தில்ருக்ஷி மேடம் வேலையைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டார். ஒரு கிழமை கழித்து ‘தேயிலை’ என்று தேடினேன், ஒன்றுமில்லை. ‘நல்ல படம்’ என்று தேடினேன். முக்கால்வாசிக் களஞ்சியம் வந்து நின்றது. மிச்சத்துக்கு ‘பரவாயில்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

மேடத்திடம் காட்டினேன். இரண்டு பக்கம் பார்த்தார். “நல்ல படங்களைத்தானே நாங்கள் தேடுவோம்?” என்றார்.

நெற்றி

இரண்டு கோப்புகள் ஒரே படமென்று களஞ்சியம் ஒருநாள் எச்சரித்தது. திறந்து பார்த்தேன். கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த குடும்பப் படம்: அப்பா, அம்மா, சிறுமி. மற்றதிலும் அதே மூவர், அதே சிரிப்பு. ஆனால் அம்மாவுக்கும் சிறுமிக்கும் நெற்றியில் பொட்டு, அப்பாவுக்கு மூன்று கோடு விபூதி. எல்லாம் கணினியில் வரைந்தது. முதலாவது சிங்களப் பத்திரிகைக்கு, மற்றது தமிழுக்கு. இத்தனை வருடமாகத் தமிழ் வாசகருக்கு இவர்கள் செலவழித்தது அந்த ஒரு சொட்டுச் சிவப்புத்தான்.

எதை வைத்திருப்பதென்று கேட்டேன். “இரண்டும் வேண்டும். இது நுணுக்கமான விஷயம், எது எந்த மொழிப் பத்திரிகைக்கு என்ற அடையாளத்தை நானே போடுகிறேன்,” என்றார் மேடம். பிறகு என் நெற்றியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீங்கள் தமிழ்தானே, பொட்டு சரியான இடத்திலா இருக்கிறது?”

சோதனைச் சாவடி

ஒரு பின்னேரம் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் களஞ்சியத்தின் அச்சுத் தாள்கள்: பக்கத்துக்கு முப்பது முகம், ஒவ்வொன்றின் கீழும் இலக்கம். பெண் பொலிஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். யார் இவர்கள் என்று கேட்டார். சவர்க்காரம் விற்கிறவர்கள் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டி, படங்களைச் சேர்த்து வைப்பதைப் பற்றிச் சொன்னேன். வேலைக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, இந்த மாதத்தோடு முடிகிறதே என்று திகதியில் விரலை வைத்தார். புதியது வரும் என்றேன்.

தாள்களை நான் அடுக்கியிருந்த ஒழுங்கிலேயே திருப்பித் தந்தார். மூன்று மாதத்தில் என் வேலையை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்: “கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கலாம், அப்படித்தானே? நல்ல வேலை, நங்கி.”

யார் போட்டது?

புத்தாண்டு விளம்பரம் வெளிவந்தது. சிங்களப் பத்திரிகையில் அப்பா விபூதியோடு சிரித்தார். தமிழ்ப் பத்திரிகையில் மூவர் நெற்றியும் வெறுமை. இரண்டு பக்கத்து வாசகர்களும் வாயே திறக்கவில்லை. கம்பனிப் பணிப்பாளரின் மனைவிதான் தொலைபேசி எடுத்தாராம். மேடம் எல்லோருக்கும் முன்னால் என்னிடம் சத்தம் போட்டார்: “உங்கள் களஞ்சியம் மாற்றிவிட்டது. நான் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன்!”

எனக்குச் சபையில் பேச வராது. திரையை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தாரென்று களஞ்சியம் குறித்துவைக்கும். அடையாளம் போட்டவர், அனுமதித்தவர்: இரண்டிலும் மேடத்தின் பெயர், மதியச் சாப்பாட்டு நேரம். ருவன் இருமிக்கொண்டு வெளியே போனார்.

மேடம் குரலைத் தணித்தார். “இதை அழிக்கலாமா?”

“எனக்கு அந்த உரிமை இல்லை, மேடம். வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டால் முழு அதிகாரமும் உங்கள் கைக்கு வரும்.”

ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அழிக்கும் பொத்தான் யாருக்குமே கிடையாது என்பதும் அதில்தான் இருந்தது; அவர் அதைக் கேட்கவில்லை. பையிலிருந்து படிவத்தை நீட்டினேன். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “இவ்வளவுதான் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே!”

கடிதம் வந்தது, மகேஸ் அன்ரி பொலிஸ் பதிவில் என் காரணத்தை எழுதிவிட்டார், அந்தக் கம்பனியிலோ இன்றைக்கும் ஒரு படம் வேண்டுமென்றால் ருவனின் லாச்சியைத்தான் இழுக்கிறார்களாம்.