ஓரடி குறைந்த அளவு நாடா

செவ்வாய்க்கிழமை காலை, ராயப்பேட்டையில் எங்கள் பம்பு கம்பெனி திறந்ததும் அந்தோணிசாமியின் தம்பி வந்து நின்றார். “விடியக்காலைல அண்ணன் பூட்டாரும்மா. மார்வலின்னாரு, அவ்ளோதான்” என்றார். அந்தோணிசாமி சனிக்கிழமை சொல்லச் சொல்ல நான் எடுத்த கிணற்று அறிக்கை, இன்னும் டைப் செய்யப்படாமல் என் மேசையில் கிடந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாந்தோம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர். துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார ஃபோர்மனிடம் வேலையும் இங்கிலீஷும் கற்று, எங்களிடம் ஃபிட்டராகச் சேர்ந்தார். அந்த வெள்ளைக்காரர் பேசியபடியே ‘ஃபார்ட்டி ஃபுட்’ என்பார். டைப்பிஸ்டான நான் ‘ஃபீட்’ என்று திருத்திவிடுவேன். அதோடு விட்டேனா? சாப்பாட்டு வேளையில் அவரைப் போலவே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். மயிலாப்பூர் கான்வென்ட் படிப்பின் திமிர், வேறென்ன.

அந்தச் சிரிப்பு மானேஜர் காதுவரை போயிற்று. சூப்பர்வைசர் பதவிக்கான நேர்காணலில் அவரும் அந்தோணிசாமியை அதைச் சொல்ல வைத்துச் சிரித்தார். “அடையாறு பங்களாக்காரா முன்னாடி இவர் வாயைத் திறந்தா கம்பெனி மானம் போயிடும்” என்று பதவியை மறுத்துவிட்டார். பதினோரு வருட உழைப்பு. வெளியே வந்த அந்தோணிசாமி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “பூக்காரிகிட்ட நாலு முழம்னுதானேம்மா கேக்குற? நாலு முழங்கள்னு கேட்டா அவ சிரிக்க மாட்டா?” எனக்குப் பழியை ஒப்புக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

அவருடைய இரும்பு அளவு நாடாவில் முதல் ஓரடி என்றோ முறிந்துபோயிருந்தது. அளந்துவிட்டு ஒன்றைக் கழித்துக்கொள்வார். அடுத்த மாதம் அடையாறில் ஒரு பெரிய வீட்டுக் கிணற்றை மானேஜரே அந்த நாடாவால் அளந்தார். கழிக்க மறந்தார். அந்தக் கணக்கில் குழாயை இறக்கியிருந்தால் அதன் நுனி சேற்றில் புதைந்து பம்பு பாழாகியிருக்கும். ஆனால் எந்த நாடா என்ன சொன்னாலும், கயிறு விட்டுப் பார்க்காமல் அந்தோணிசாமி குழாயில் ரம்பம் வைக்க மாட்டார். கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் விட்டு, மேலே இழுத்து, கடலில் ஆழம் பார்ப்பவர்கள் செய்வதுபோல் இரு கைகளையும் விரித்து விரித்து அளந்தார். கணக்கு ஓரடி உதைத்தது.

வீட்டுக்காரர் என்ன தவறு என்று கேட்டாராம். “டேப்பு பழசு சார், அது மேலதான் தப்பு” என்றாராம் அந்தோணிசாமி. இதை எங்கள் எல்லார் முன்பும் சொன்னவர் மானேஜரேதான். சொல்லி முடித்து, பதவிக் கடிதத்தை டைப் செய்யும்படி என்னிடம் கொடுத்தார்.

கடிதத்தை அந்தோணிசாமி கையில் தரும்போது அழுதுவிட்டேன். “அந்தச் சிரிப்பை ஆரம்பிச்சதே நான்தான்” என்றேன்.

“அன்னிக்கே தெரியும்மா. நல்லாத்தான் பேசிக் காட்னியாமே! ஒரு வாட்டி என் எதுக்க பேசு, நானும் சிரிக்கிறேன்” என்றார்.

அதன் பிறகு அவரைப் போல நான் பேசிக் காட்டியதே இல்லை. ஆனாலும் ஆபீஸ் வழக்கம் என்று, அறிக்கைகளில் ‘ஃபீட்’ என்றே திருத்திவந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “நான் சொன்னது இது இல்லியே” என்று புன்னகைத்தபடி கையெழுத்துப் போடுவார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அவர் தம்பி குழிக்குள் கயிற்றை விட்டு, கைகளை விரித்து அளந்தார். “சரியா கீது” என்றார். நான் ஆபீசுக்குத் திரும்பி மெஷினில் தாளைச் செருகினேன்.

போய் வாருங்கள், அந்தோணிசாமி. உங்கள் கடைசி அறிக்கையை நீங்கள் சொன்னபடியே டைப் செய்திருக்கிறேன்: ‘கிணற்றின் ஆழம், தர்ட்டி டூ ஃபுட்.’